டீசல் வண்டிக்கு உண்மையிலேயே மூச்சு முட்டுகிறதா?

பள்ளி முடிந்து ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தேன். பின்னால் பெரிய லோரி ஏதோ வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தால், வந்து நின்றது ஒரு ஹைலக்ஸ். கண்ணாடியை இறக்கிக் கைகாட்டியவன் என் பழைய மாணவன். ஐந்தாம் படிவத்தில் இயற்பியலை வேண்டா வெறுப்பாகப் படித்தவன். இப்போது பெருநிலத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறான். மறுநாள் மாலை ஆயர் ஈத்தாமில் ஒரு தே தாரிக் கடையில் சந்தித்தோம். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"சார், எக்சோஸ் முழுக்க மாத்திட்டேன். ஏர் ஃபில்டரும் திறந்த ஃபில்டர் போட்டுட்டேன். இப்பதான் காடி நல்லா மூச்சு விடுது."

எவ்வளவு செலவு என்று கேட்டேன். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் என்றான். பட்டறையில் வேலை செய்பவன் என்பதால் கூலி போக அந்த விலையாம். வெளியாள் என்றால் இன்னும் கூடும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருக்கக்கூடும். இல்லையென்றால் நீங்களே அந்தத் தம்பியாக இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் பொறியாளனும் அல்லன். ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா முடித்துவிட்டு அறிவியல் பாடம் நடத்துகிறவன். ஆனால் "வண்டிக்கு மூச்சு முட்டுகிறது, திறந்துவிட்டால் சக்தி கூடும்" என்ற நம்பிக்கையைப் பாடப்புத்தகத்தை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். பார்த்தால், பாதி உண்மை, பாதி வெறும் சத்தம் என்று தெரிகிறது. அந்தப் பாதி உண்மைக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரம் அல்ல. சொல்லத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும். ஆனால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி, பெட்ரோல் காருக்கான யோசனைகளை அப்படியே டீசல் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததால் வந்தது. பெட்ரோல் இயந்திரத்தில் நீங்கள் மிதிக்கும் பெடல் காற்றின் வழியைத் திறக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அதற்கு ஏற்ற அளவு பெட்ரோல் சேர்க்கப்படுகிறது. அங்கே காற்றுதான் எஜமானன். டீசலில் கதை தலைகீழ். காற்று எப்போதும் தேவைக்கு மேலாகவே உள்ளே போகிறது. பெடலை மிதித்தால் கூடுவது எண்ணெய். ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிராம் காற்று போதும். ஆனால் டீசல் இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போதுகூட 18 கிராமுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளப் பார்க்கும். சும்மா நிற்கும்போது இது பல மடங்காகும்.

வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு நன்றாக நீல நிறத்தில் எரிகிறது. இன்னும் சூடு வேண்டுமென்று சன்னலைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் குழம்பு சீக்கிரம் கொதிக்குமா? கொதிக்காது. அடுப்பின் குமிழைத்தான் திருப்ப வேண்டும். டீசல் வண்டியில் அந்தக் குமிழ் இ.சி.யு. என்ற கணினியின் கையில் இருக்கிறது. அதைத் தொடாமல் காற்று வழியை மட்டும் அகலப்படுத்துவது சன்னலைத் திறப்பது போலத்தான்.

"அப்போ டர்போ?" என்று என் மாணவனும் கேட்டான். நல்ல கேள்வி. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. இன்று ஒரு பிக்கப்பில் இருக்கும் சின்ன டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஆனால் எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை இப்போது டர்போ தானே முடிவு செய்வதில்லை. கணினி ஓர் இலக்கு வைக்கிறது. உணரி ஒன்று அழுத்தத்தை அளந்து சொல்கிறது. டர்போவுக்குள் இருக்கும் சிறு இதழ்கள் திறந்து மூடி அந்த இலக்கைப் பிடிக்கின்றன. நீங்கள் ஃபில்டரை மாற்றிக் காற்றின் வழியை எளிதாக்கினால், டர்போ கொஞ்சம் குறைவாக உழைத்து அதே இலக்கைப் பிடிக்கும். கொஞ்சம் சீக்கிரமாகவும் பிடிக்கலாம். பெடலை மிதித்ததும் வண்டி சற்றுச் சுறுசுறுப்பாகக் கிளம்புவதாகத் தோன்றுவது அதனால்தான். அது பொய்யில்லை. ஆனால் உச்சச் சக்தி ஏறக்குறைய அதேதான்.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போடுவோம். ஹைலக்ஸின் பழைய 2.5 லிட்டர் இயந்திரத்தின் சரியான கொள்ளளவு 2,494 சிசி. நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் 1,500 மூச்சு. பெருக்கினால் டர்போ இல்லாமலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,740 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். அப்படியென்றால், எங்கள் பள்ளித் திங்கட்கிழமைச் சபைக்கூட்டத்தில் நிற்கும் 500 பேரின் மூச்சை ஒரே பிக்கப் இழுக்கிறது. டர்போ சேர்ந்தால் இரண்டு சபைக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு காற்றுக்கும் தூசியை வடிகட்டித் தருகிற காகித மடிப்புப் பெட்டியைத்தான் "அடைப்பு" என்று சொல்லிக் கழற்றிப் போடுகிறோம். சுத்தமான அசல் வடிகட்டியால் ஏற்படும் அழுத்த இழப்பு சில சதவீதத்துக்குள்தான். அடைத்துக்கொண்ட பழைய வடிகட்டியால் ஏற்படும் இழப்புதான் பெரிது. பலர் புது ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டதும் "வித்தியாசம் தெரிகிறது" என்பதற்குக் காரணம், அதற்கு முன் இருந்தது இரண்டு வருடமாக மாற்றாத ஃபில்டர்! அசல் ஃபில்டரையே புதிதாக வாங்கிப் போட்டிருந்தாலும் அதே வித்தியாசம் தெரிந்திருக்கும், மிகச் சில வெள்ளியில்.

இன்னொரு விஷயம் சூடு. தொழிற்சாலை பொருத்திய காற்றுப்பெட்டி அசிங்கமான கறுப்புப் பிளாஸ்டிக்தான். ஆனால் அது வெளிக்காற்றைத் தேடி, ஃபெண்டர் ஓரத்திலிருந்தோ முன் கிரிலுக்குப் பின்னாலிருந்தோ இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி வைத்தால், அது பானெட்டுக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும் காற்றைக் குடிக்கிறது. நான்காம் படிவ மாணவர்களுக்குத் தெரிந்த சார்ல்ஸ் விதி போதும். வெளியே 33 பாகை, அதாவது 306 கெல்வின். பினாங்குப் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் நிற்கும்போது பானெட்டுக்குள் 60 பாகை, அதாவது 333 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். 306-ஐ 333-ஆல் வகுத்தால் 0.92. அதே கன அளவில் 8 சதவீதம் குறைவான காற்று. நீங்கள் எளிதாக்கிக் கொடுத்த சில சதவீதத்தை விட, சூட்டினால் இழந்தது அதிகம். இண்டர்கூலர் இதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும், உண்மைதான். ஆனால் டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தும்போதே 33 பாகைக் காற்று 130 பாகை அளவுக்குச் சூடாகிவிடுகிறது. ஏற்கெனவே சூடான காற்றைக் கொடுத்தால் அது 160-ஐயும் தாண்டும். இண்டர்கூலருக்கு ஏன் இந்தக் கூடுதல் தண்டனை?

எண்ணெய் தடவிய ஃபில்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவிய பிறகு ஆசையாக எண்ணெயைக் கொஞ்சம் அதிகம் தெளித்துவிட்டால், அந்த எண்ணெய் காற்றோடு போய் காற்று அளவு உணரியின் மெல்லிய சூட்டுப் படலத்தில் படியும். உணரி தப்பாகச் சொல்லும். கணினி தப்பாக நம்பும். வண்டி பலவீனமாகும், அல்லது புகை தள்ளும். பிறகு "சென்சர் கெட்டுப்போச்சு" என்று அடுத்த செலவு.

இப்படிச் சொல்வதால் தொழிற்சாலை வைத்ததே இறுதி, அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த 2,494 சிசி இயந்திரமே நல்ல சாட்சி. முதலில் அது 102 குதிரைத்திறனோடு வந்தது. பிறகு இதழ்கள் அசையும் டர்போவும் இண்டர்கூலரும் சேர்த்து, அதற்கு ஏற்பக் கணினியையும் மாற்றி, அதே நிறுவனம் அதே கொள்ளளவிலிருந்து 144 குதிரைத்திறன் எடுத்தது. நாற்பது சதவீதம் அதிகம். பானெட்டின் மேல் இருக்கும் அந்த மூக்குத் துளை, இண்டர்கூலருக்குக் காற்றுக் கொடுக்கத்தான். (இண்டர்கூலரே இல்லாத வண்டியில் அதே மூக்கை இரட்டைப் பசை நாடாவால் ஒட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அழகுக்கு, ஆட்சேபனை இல்லை.) கவனியுங்கள், அங்கே குளிர்ந்த காற்று, கூடுதல் அழுத்தம், கூடுதல் எண்ணெய் மூன்றும் சேர்ந்து கூடின. புகைக்குழாயை மட்டும் பெரிதாக்கி யாரும் நாற்பது சதவீதம் எடுக்கவில்லை.

புகைக்குழாய்க்கு வருவோம். "கொஞ்சம் பின்னழுத்தம் இருக்கணும் சார், இல்லாட்டி டார்க் போயிடும்" என்று பட்டறைகளில் ஒரு வேதவாக்கு உண்டு. டர்போ டீசலுக்கு அது பொருந்தாது. டர்போவின் சக்கரத்துக்கு முன்னால் அழுத்தமும் பின்னால் காலியும் இருந்தால்தான் அது நன்றாகச் சுழலும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் குழாய் தாராளமாக இருப்பது நல்லதுதான். இந்த விஷயத்தில் என் மாணவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைச் சக்தியில் ஓடும் வண்டிக்குத் தொழிற்சாலைக் குழாயே ஏறக்குறைய போதும். பெரிய குழாயால் பயன் பெறுவது, எண்ணெயும் அழுத்தமும் கூட்டப்பட்ட வண்டிதான். வெறும் குழாயை மாற்றியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்.

அந்தச் சத்தத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது தெரியுமா? இதை வகுப்பில் கணக்காகக் கொடுத்தபோது மாணவர்கள் நம்பவில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் என்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சத்தம். அந்த ஒலியின் மொத்தத் திறனைக் கணக்கிட்டால் ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்கு வருகிறது. கைப்பேசியின் சிறு விளக்கை எரிக்கக்கூடப் போதாது. 144 குதிரைத்திறன் என்பது 1,06,000 வாட். நம் காது அவ்வளவு கூர்மையானது, அவ்வளவு சிறு ஆற்றலைப் பிடித்து, "ஆகா, என்ன சக்தி!" என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. வண்டி வேகமாகப் போவதாக உணர்வது காதுதான், சக்கரம் அல்ல.

சரி, உண்மையிலேயே சக்தி கூட வேண்டுமானால்? கணினியின் வரைபடத்தை மாற்றி எழுத வேண்டும். ரீமேப் என்பார்கள். தாய்லாந்தில் டீசல் பிக்கப் பந்தயங்கள் பிரபலம். வடக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து அந்த ஆசையும் உதிரிப் பொருள்களும் நம் பக்கம் வராமல் இருக்குமா? ரீமேப்பில் சக்தி நிச்சயம் கூடும். ஏனென்றால் இப்போதுதான் அடுப்பின் குமிழைத் திருப்புகிறோம். ஆனால் திருப்பியவர் அளவு தெரிந்தவரா என்பதுதான் கேள்வி. காற்று போதாமல் எண்ணெய் கூடினால் கறுப்புப் புகை. அந்தக் கறுப்பு வேறொன்றுமில்லை, எரியாத கரி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து ஒரே இரவில் 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது நினைவிருக்கும். அதற்குப் பிறகும் புகையை வீரமாக நினைப்பவரின் பொருளாதாரம் எனக்குப் புரியவில்லை. புகையோடு முடிவதில்லை. வெளியேறும் வாயுவின் சூடு கூடும். பிஸ்டனின் தலை, டர்போவின் சக்கரம், கிளட்ச் எல்லாம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். தொழிற்சாலை 102-இலிருந்து 144-க்குப் போனபோது இவற்றை எல்லாம் சோதித்துவிட்டுத்தான் போனது. மடிக்கணினியோடு வரும் அண்ணன் என்ன சோதித்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் உங்கள் பணம், உங்கள் வண்டி. கெட்டால் உங்களுக்குத்தான் நட்டம் என்று விட்டுவிடலாம். நான் முன்பு சொன்ன ஆபத்து அப்படிப்பட்டதல்ல.

தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும்போது அவன் மெதுவாக ஒன்றைச் சொன்னான். பட்டறைக்கு அடிக்கடி ஒரு வேலை வருகிறது. புதிய டீசல் கார்கள் பலவற்றில் புகைக்குழாயின் நடுவில் ஒரு துகள் வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். அது அடைத்துக்கொண்டு வண்டி இழுக்காமல் போனால், புதிது மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு. அதற்குப் பதிலாகப் பெட்டியை வெட்டித் திறந்து, உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி ஒட்டவைத்து, கணினியிலும் "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று எழுதிவிடுவது. வெளியே பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும். "காடி பறக்குது சார், கஸ்டமரும் சந்தோசமாப் போறாங்க. ஆனா இடிச்சுக் கொட்டுறப்ப அந்தக் கரித்தூளைப் பாக்குறேன்ல, அதுதான் ஒரு மாதிரியா இருக்கு. இது தப்பா சார்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்ய மாட்டேன் என்றால் தௌக்கே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவன் பார்த்த அந்தக் கரித்தூள் என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல முடியும்.

டி.பி.எஃப். என்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை உள்ளே போனால் வெளியேற வேறு வழியில்லாமல், நுண்துளைகள் கொண்ட சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். கரித்துகள்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சேர்ந்த கரியை இயந்திரம் அவ்வப்போது கூடுதல் எண்ணெய் பீய்ச்சி ஏறக்குறைய 600 பாகையில் எரித்துச் சாம்பலாக்கும். வடிகட்டி மாட்டிவைக்கும் அந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் பருமன் 70 மைக்ரான். மூக்கு முடியோ தொண்டைச் சளியோ அவற்றைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை 2012 ஜூன் மாதத்தில் முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியல் அது. சிகரெட்டும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. 2015-இல் புகைமூட்டத்தால் பினாங்கில் பள்ளிகளை மூடியபோது நாம் எல்லாரும் அந்நிய நாட்டுக் காட்டுத்தீயைத் திட்டினோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் எங்கள் பள்ளி வாசலில் மதியம் ஒன்றரை மணிக்கு இயந்திரத்தை அணைக்காமல் வரிசையாக நிற்கும் வண்டிகளின் புகைக்கு எந்த நாட்டைத் திட்டுவது? அந்த வரிசையைத் தாண்டித்தான் என் வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை தினமும் பேருந்துக்கு நடக்கிறாள்.

டி.பி.எஃப். ஏன் அடைத்துக்கொள்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 600 பாகைச் சூடு வர வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து கொம்தார் வரை, கொம்தாரிலிருந்து ஜெலுத்தோங் வரை என்று நெரிசலில் ஊர்ந்தே வாழ்க்கை நடத்தும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. எரிப்பைத் தொடங்கும், பாதியில் நீங்கள் இயந்திரத்தை அணைத்துவிடுவீர்கள், கரி மறுபடி சேரும். இதை விற்பனையாளர் உங்களுக்குச் சொன்னாரா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசல் கார் விற்றதும் ஒரு வகையில் தப்புதான்.

அதற்கு வைத்தியம் இடித்துக் கொட்டுவதல்ல. வாரத்தில் ஒருநாளாவது நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். நம் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அதற்கென்றே கட்டியது போல இருக்கிறது. வடிகட்டியுள்ள வண்டிக்கு உரிய, சாம்பல் குறைவான இயந்திர எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். மலிவு எண்ணெயின் சாம்பலை எந்தச் சூடும் எரிக்காது. டீசலைப் பற்றிக் கவலை வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்பது யூரோ 5 டீசல். முன்பு பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம் இருந்தது, இப்போது 10 பங்குதான். அடைத்துவிட்டால், வடிகட்டியைக் கழற்றி முறையாகச் சுத்தம் செய்து கொடுக்கும் இடங்களைத் தேடுங்கள். புதிதை விட அது மிகவும் மலிவு.

"ஒரு வண்டியில எடுத்தா என்ன ஆயிடப் போவுது?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இதையே கேட்டவர்களின் கணக்கு 2020-இல் வெளிவந்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதற்கு முந்தைய பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டதாக மதிப்பிட்டது. அவற்றால் காற்றில் சேரும் மாசு, ஒழுங்கான 90 லட்சம் பிக்கப்புகளைப் புதிதாகச் சாலையில் இறக்குவதற்குச் சமம் என்றும் சொன்னது. அதாவது, ஒன்றை இடித்தால் பதினாறு வண்டி கூடுவதுபோல.

கணினியில் பொய் எழுதுவது பட்டறை அண்ணன்மார் கண்டுபிடித்ததும் அல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு 2013-இல் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் அளவுகருவிகளைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. ஒரு பசாட்டை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டு போனார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒழுங்குப் பிள்ளையாக இருந்த கார்கள் சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கொட்டின. ஒரு ஜெட்டாவில் சட்ட வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வரை. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் நல்லவனாக நடிக்கும் நிரல் அந்தக் கணினிக்குள் இருந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசு அறிவித்தபோது, உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள் இதில் சிக்கின. அந்தச் சிறு குழுவில் ஒருவர் பெயர் அரவிந்த் திருவேங்கடம். இந்தப் பெயரை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரு காரின் பின்பெட்டியில் அளவுகருவியை வைத்துப் பொறுமையாக ஓட்டியவர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் பிடிக்கிறோமா? இங்கேதான் எனக்கு அதிகாரிகளோடு கொஞ்சம் வாக்குவாதம். சாலைத் தடுப்புச் சோதனை என்றால் சத்தம் போடும் புகைக்குழாய்தான் முதலில் மாட்டுகிறது. காதுக்குக் கேட்கிறது, சம்மன் எழுதுவது எளிது. கேட்கட்டும், எழுதட்டும், இரவு பதினோரு மணிக்கு பாயா தெருபோங் அடுக்குமாடிகளில் தூங்க முயல்பவர்கள் வாழ்த்துவார்கள். ஆனால் உள்ளே இடித்துக் காலியாக்கிய டி.பி.எஃப். சத்தமே போடாது. டீசல் புகைக்கு 1996-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன; 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்கு மேல் அடர்த்தியான புகை வந்தால் குற்றம். அது கறுப்புப் புகை தள்ளும் பழைய லோரிகளைப் பிடிக்க வைத்த வலை. நவீன இயந்திரம் வடிகட்டி இல்லாவிட்டாலும் அந்த வலையின் கண்ணி வழியாக எளிதாக நழுவிப் போகும், ஏனென்றால் அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. போதாக்குறைக்கு, தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனையும் இல்லை.

நெதர்லாந்து 2023 முதல் ஆண்டுச் சோதனையில் துகள்களை எண்ணத் தொடங்கியது. குழாயின் முனையில் ஒரு கருவியை வைத்தால் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள் என்று சில நொடியில் சொல்லிவிடும். அங்கே வரம்பு பத்து லட்சம். அதே ஆண்டு தொடங்கிய ஜெர்மனி இரண்டரை லட்சம் என்று வைத்தது. வெறுங்கூட்டை வைத்துக்கொண்டு யாரும் இந்தக் கருவியை ஏமாற்ற முடியாது. இந்தக் கருவிகளில் சிலவற்றையாவது நம் சுற்றுச்சூழல் துறை வாங்கி, முதலில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அருகில் சோதனை நடத்தட்டும் என்பது என் கோரிக்கை. கூடவே இன்னொன்று. பிடிபடுகிறவர் கார்காரர் மட்டுமாக இருக்கக் கூடாது. இடித்துக் கொடுத்த பட்டறைக்கும், கணினியில் பொய் எழுதிக் கொடுத்தவருக்கும் பொறுப்பு வர வேண்டும். அப்போதுதான் என் மாணவனைப் போன்ற இளைஞன் "இது சட்டப்படி முடியாது தௌக்கே" என்று சொல்லிவிட்டு வேலையிலும் இருக்க முடியும். இன்று அப்படிச் சொல்ல அவன் கையில் ஒன்றுமில்லை.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அவன் என்னிடம் படித்தபோது சார்ல்ஸ் விதியைப் பலூனும் வெந்நீரும் வைத்துத்தான் நடத்தினேன். அவன் அப்போதே தன் மாமாவின் வண்டியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு டர்போவை மேசைமேல் வைத்து அதே விதியை நடத்தியிருந்தால், அந்த இரண்டு மாதச் சம்பளம் அவன் பையில் இருந்திருக்கலாம்.

வரும் பள்ளி விடுமுறையில் இருவரும் ஒரு சோதனை செய்வதாக இருக்கிறோம். அசல் காற்றுப்பெட்டியை அவன் நல்லவேளையாகத் தூக்கி எறியவில்லை. ஒருநாள் அதை மாட்டிக்கொண்டும் மறுநாள் கூம்பு ஃபில்டரை மாட்டிக்கொண்டும் ஆயர் ஈத்தாமிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவ் வரை, வேக வரம்புக்குள்தான், ஓட்டப் போகிறோம். சுமார் ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. கருவியைச் சொருகினால் உள்ளே போகும் காற்றின் சூடும் அழுத்தமும் கைப்பேசித் திரையில் தெரியும். தோற்றவர் பாலிக் புலாவில் லக்சா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். டி.பி.எஃப். விஷயத்தில் தௌக்கேயிடம் பேசிப் பார்க்கிறேன் என்றான். பேசிவிட்டானா என்று இன்னும் சொல்லவில்லை.